பள்ளி வாசலில் ஒரு சாய்தளம்: அளவெடுத்ததும் கட்டியதும்

அந்தப் பள்ளியில் சாய்தளம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. முன்வராந்தாவின் இடப்பக்க முனையிலிருந்து சுவரை ஒட்டி இறங்கிய அது, 600 மி.மீ. உயரத்தை 3.6 மீட்டர் நீளத்தில் ஏறியது. அதாவது 1:6 சரிவு. மேற்பரப்பைச் சிமெண்ட் பால் விட்டுத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு நாளும் காலையில் அதன் அடியில் வந்து நின்று, பின்னாலிருந்து தள்ள யாராவது வரும்வரை காத்திருக்கிறாள் என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். "சாய்தளம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று நானும் முதலில் கேட்டேன். கட்டட வரைபடங்கள் போடுவதே தொழிலாக இருந்தும் அப்படிக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டதையும், பிறகு வலப்பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டியதையும், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

விடை தெரிய அதிக நேரம் ஆகவில்லை. அதே அளவுள்ள ஒரு சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து, ஒருவரைப் பின்னால் பாதுகாப்புக்கு நிறுத்திக்கொண்டு, அந்தப் பழைய சாய்தளத்தில் ஏறிப் பார்த்தேன். தொடக்கத்திலேயே தடை வந்தது: தரை முடிந்து சரிவு தொடங்கும் மடிப்பில், கால் வைக்கும் தகடு தரையில் உரசி நின்றது. பின்னோக்கி வந்து, சற்றுக் கோணலாகத் திரும்பி அந்த மடிப்பைத் தாண்டினேன். இரண்டு முறை சக்கரத்தைத் தள்ளினேன். மூன்றாவது தள்ளலில் முன்பக்கத்துச் சிறு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பின்னால் நின்றவர் பிடித்திராவிட்டால் மல்லாந்திருப்பேன். அந்த மாணவி வழக்கமாகப் புத்தகப் பையை நாற்காலியின் முதுகில் மாட்டியிருப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரங்களை இன்னும் இலேசாக்கும். அவள் கைகளில் வலு இல்லாமல் அங்கே நிற்கவில்லை. தனியே ஏறினால் கவிழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையும் நாற்காலியும் பையும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1:6 சரிவில் நாற்காலி கீழே உருளாமல் இருக்கவே ஏறக்குறைய 10 கிலோ எடைக்கு ஈடான விசையைக் கைகள் தரவேண்டும். 1:12 என்றால் அது 5 கிலோவாகும். 1:15 என்றால் 4 கிலோ. சக்கர உராய்வு இதற்கு மேல் சேரும். ஒரு முறை தள்ளிவிட்டுக் கையை எடுத்து அடுத்த பிடிக்கு முன்னால் கொண்டுபோகும் இடைவெளியில் நாற்காலி பின்னோக்கி உருளத் தொடங்கிவிடும். சரிவு கூடக்கூட அந்த இடைவெளி சுருங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைகளுக்கு 4 கிலோவும் 5 கிலோவும் ஒன்றல்ல.

1:12 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அதைத் தொட்டுவிட்டால் போதும் என்று பலரும் நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்வித் திட்டத்தை நடத்திவந்த டிமத்தி நியூஜென்ட்டின் தலைமையில் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில், 1961-ல் ஏ117.1 என்ற தரவரையறை வெளியானது. கட்டடங்களின் அணுகல்தன்மைக்கென்று அந்த நாட்டில் வந்த முதல் தரவரையறை அதுதான். சாய்தளம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்று அதில் எழுதப்பட்டது, பிறகு பல நாடுகளின் விதிகளிலும் இடம்பிடித்தது. ஆனால் அது மேல் வரம்பு. அதைவிடச் செங்குத்தாகக் கூடாது என்பதே அதன் பொருள், அப்படித்தான் கட்டவேண்டும் என்பதன்று. பிள்ளைகள் நாள்தோறும் பலமுறை ஏறி இறங்கும் இடத்தில், இடம் கிடைக்கும்போது அந்த வரம்பை எட்டிப்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1:15 என்று முடிவு செய்தேன்.

உண்மையில் 1:20-க்குத்தான் முதலில் ஆசைப்பட்டேன். சரிவு அந்த அளவுக்குத் தணிந்துவிட்டால் அதைச் சாய்தளம் என்று பார்க்காமல் நடைபாதையாகவே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரங்களும் 1:20-ஐத் தாண்டிய சரிவைத்தான் சாய்தளம் என்று வகைப்படுத்துகின்றன. மண்ணைக் கொட்டி முன்முற்றத்தையே மெல்ல உயர்த்தி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வழியாக நடந்தும் உருண்டும் வரும்படி செய்ய முடிந்தால் அதற்கு மிஞ்சிய தீர்வு இல்லை. புதிதாகப் பள்ளி கட்டுகிறவர்கள் இதை முதல் நாளிலேயே யோசிக்கவேண்டும் என்று வற்புறுத்துவேன். கட்டடத்தின் உள்தளத்தை அரை மீட்டர் தாழ்வாக வைத்தாலே சாய்தளத்தின் தேவை பெரும்பாலும் மறைந்துவிடும். நாங்கள் வேலை செய்த இடத்தில் 13 மீட்டருக்கு மேல் நீளும் பாதை விளையாட்டுத் திடலின் நடுவே போயிருக்கும் என்பதால், அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

அளவெடுத்ததில் நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். படிக்கட்டின் நடுவில் அளந்தேன். நான்கு படிகள், படிக்கு 150 மி.மீ., ஆக 600 மி.மீ. அதை வைத்து 9 மீட்டர் நீளம் என்று வரைபடமும் போட்டுவிட்டேன். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "சார், மட்டம் எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டார். படிக்கட்டில் என்றேன். அவர் பதில் சொல்லாமல் டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வராந்தாத் தரையிலும் மறு முனையைச் சாய்தளம் தொடங்கவேண்டிய இடத்திலும் பிடித்துக் காட்டினார். படிக்கட்டின் நடுவிலிருந்து வலப்பக்கம் 3 மீட்டர் தள்ளி, 660 மி.மீ. இருந்தது. மழைநீர் வலப்பக்க மூலையிலுள்ள வடிகாலுக்கு ஓடுவதற்காக முற்றத்தைச் சாய்த்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு 60 மி.மீட்டரை விழுங்கியிருந்தது. 9 மீட்டரிலேயே கட்டியிருந்தால் சரிவு 1:13.6 ஆகியிருக்கும். அந்த 60 மி.மீட்டரைக் கடைசி ஒரு மீட்டரில் எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் 1:8-க்கு வந்திருக்கும். சாய்தளம் எங்கே தொடங்குகிறதோ அந்தப் புள்ளியில்தான் உயரத்தை அளக்கவேண்டும், அதையும் டேப்பில் அளக்காமல் தண்ணீர் மட்டத்தில் அளக்கவேண்டும்.

660-ஐ 15 ஆல் பெருக்க 9.9 மீட்டர். வராந்தாவின் வலப்பக்க முனையிலிருந்து கட்டடத்தின் மூலை வரை சுவர் 7.4 மீட்டர்தான் இருந்தது, நேராகப் போக வழியில்லை. ஆகவே 4.95 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஏற்றங்களாகப் பிரித்து, நடுவில் திரும்புவதற்கு 1.8 மீட்டர் சமதளம் விட்டேன். முதல் ஏற்றம் படிக்கட்டின் பக்கத்தில் தொடங்கி மூலையை நோக்கிப் போகும். சமதளத்தில் திரும்பி, சுவரை ஒட்டிய இரண்டாம் ஏற்றம் வராந்தாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மொத்தம் 6.75 மீட்டர், இடத்துக்குள் அடங்கியது. திருப்பிக் கட்டியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பழைய சாய்தளத்தின் அடி கட்டடத்தின் ஓரத்தில் இருந்ததால், மற்றப் பிள்ளைகள் படியேறும் இடத்திலிருந்து அந்த மாணவி பிரிந்துபோக வேண்டியிருந்தது. இப்போது படிக்கட்டும் சாய்தளமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வராந்தாவில் முடிகின்றன. தோழிகளோடு பேசிக்கொண்டே வந்து, அதே பேச்சை மேலே போய்த் தொடரலாம்.

சமதளங்களைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் இடம் போதாதபோது எல்லோரும் முதலில் கைவைப்பது அவற்றில்தான். ஒரே ஏற்றமாக 760 மி.மீ. உயரம் வரை போகலாம் என்பது நான் குறிப்பிட்ட அந்தத் தரங்களின் வரம்பு, அதன்படி பார்த்தால் எங்கள் 660-க்கு நடுவில் ஓய்வுத்தளமே வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை நடுவழியில் களைத்தால், சரிவின் மீது நாற்காலி உருளாமல் பிடித்துக்கொண்டு நிற்கவும் கைகள் விடாமல் உழைக்கவேண்டும். சமதளத்தில் வந்தால் கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கலாம். திசை மாறும் இடத்தில் குறைந்தது 1525 மி.மீட்டருக்கு 1525 மி.மீ. சமமாக இருக்கவேண்டும், இரண்டு ஏற்றங்களின் அகலமும் நடுச்சுவரும் சேர்ந்து எங்களுடையது 3.2 மீட்டருக்கு 1.8 மீட்டர் ஆனது. பிரேக் போட்டுவிட்டு ஒரு நாற்காலி ஓரத்தில் நிற்க, இன்னொன்று தாண்டிப் போகலாம்.

சமதளம் என்று எழுதினாலும் அதில் தண்ணீர் தேங்கக்கூடாது. எந்தப் பக்கமாகச் சாய்த்தாலும் 48-க்கு 1-க்கு மேல் போகக்கூடாது; 1.8 மீட்டரில் 36 மி.மீ. இறக்கம் கொடுத்தால் 1:50 ஆகிவிடும், தண்ணீரும் வடிந்துவிடும். ஏற்றங்களின் குறுக்குச் சாய்வுக்கும் அதே வரம்புதான், ஆனால் அங்கே நான் இன்னும் கண்டிப்பாக இருந்தேன். குறுக்கே சாய்ந்த தளத்தில் நாற்காலி தானாகவே தாழ்ந்த பக்கம் இழுக்கும், அதை நேராக வைத்திருக்க ஒரு கை கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும், மேலே போய்ச் சேரும்போது அந்த ஒரு கை மட்டும் ஓய்ந்துபோயிருக்கும். ஆகவே ஏற்றங்களில் குறுக்குச் சாய்வே கொடுக்காமல், தண்ணீரை நீளவாக்கில் சமதளத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஓரத் திட்டில் விட்ட துளைகள் வழியாக வெளியேற்றினோம். அடியில் வடிகால் மேல் போட்ட கம்பித் தட்டியின் இடைவெளி 13 மி.மீட்டரைத் தாண்டாமலும், நீள்துளைகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம். திசை மாற்றிப் போட்டால் முன்சக்கரம் துளைக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

அகலம் 1.5 மீட்டர், அதுவும் கைப்பிடிகளுக்கு இடையே. 915 மி.மீ. போதும் என்று விதி சொன்னாலும், மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் ஓடிவரும் வாசலில் அது போதாது. பக்கத்தில் ஒரு தோழி நடந்துவரவும் இடம் வேண்டும்.

வரைபடத்தை முடித்துவிட்டு, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் சன்னல் கண்ணில் பட்டது. சுவரை ஒட்டிய இரண்டாம் ஏற்றத்துக்கு நேர் மேலே வகுப்பறைச் சன்னல் இருந்தது, அதன் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. வகுப்பின் தரையிலிருந்து சன்னலின் அடிவிளிம்பு 900 மி.மீ.; சாய்தளம் 330-இலிருந்து 660 மி.மீ. வரை உயர்ந்துகொண்டே போவதால், ஏறி வருகிறவருக்கு அந்த விளிம்பு 1230-இலிருந்து 900 மி.மீ. உயரத்துக்குள் வரும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். காற்றுக்குச் சன்னலைத் திறந்தால் கதவின் முனை நேரே முகத்தில் இடிக்கும். தாளில் போட்ட மேல்தோற்றப் படத்தில் இது எங்கேயும் தெரியவில்லை. அந்தச் சன்னலுக்கு மட்டும் பக்கவாட்டில் நகரும் கதவு மாற்றினோம். பழைய கட்டடத்தில் சாய்தளம் சேர்க்கிறவர்கள் சுவரில் உள்ளதையெல்லாம் பக்கத்தோற்றத்தில் வரைந்து, அதன் மேல் சாய்தளக் கோட்டை இழுத்துப் பார்க்கவேண்டும்.

வேலை விடுமுறையில் தொடங்கியது. புதியது முடியும்வரை பழைய சாய்தளத்தை இடிக்கவில்லை. பள்ளி திறந்துவிட்டால் அந்த மாணவிக்கு உள்ளே போக வழி வேண்டும் அல்லவா? இரு பக்கமும் சிறு கருங்கல் சுவர் எழுப்பி, நடுவில் மண்ணை 150 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். இதில் அவசரப்பட்டால் பிறகு பட்டே தீரவேண்டும். சரியாக இடிபடாத மண் ஒரு மழைக்காலத்தில் இறங்கிவிடும், அதன் மேலிருக்கும் கான்கிரீட் தளத்தின் அடியில் வெற்றிடம் விழும், பிறகு விரிசல்தான். மண்ணுக்கு மேல் கம்பி கட்டிய 125 மி.மீ. கான்கிரீட். பழைய வராந்தாவோடு புதியதை இணைத்துக் கட்டாமல், இடையில் 12 மி.மீ. அழுந்தக்கூடிய அட்டை வைத்துப் பிரித்தோம். பழைய கட்டடம் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்திருக்கும், புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் இணைப்பில் பிளந்துகொள்ளும்.

சரிவைச் சோதிக்க ஒரு பலகை செய்துகொண்டோம். செய்வது மிக எளிது, இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவிய கருவியும் அதுதான். 1.2 மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையின் ஒரு முனையின் அடியில் 80 மி.மீ. உயரமுள்ள மரக்கட்டையை ஆணியடித்துப் பொருத்தவேண்டும். 1200-ஐ 15 ஆல் வகுத்தால் 80. கட்டை இருக்கும் முனையைத் தாழ்ந்த பக்கமாகச் சாய்தளத்தில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழ் நடுவில் நின்றால் அந்த இடத்தில் சரிவு 1:15. குமிழ் மேல்பக்கம் போனால் சரிவு கூடுதல், கீழ்ப்பக்கம் வந்தால் குறைவு. 1:12 கட்டுகிறவர்கள் 100 மி.மீ. கட்டை வைத்துக்கொள்ளலாம். மொத்த உயரத்தை மொத்த நீளத்தால் வகுத்துச் சராசரியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் நாற்காலி சராசரியின் மேல் ஏறுவதில்லை, அந்தந்த இடத்தில் தரை எப்படி இருக்கிறதோ அதன் மேல்தான் ஏறுகிறது.

அந்தப் பலகையின் அருமை இரண்டாம் ஏற்றத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கே தெரிந்தது. மட்டத்துக்கு அடித்திருந்த மூன்று முளைகளில் நடு முளை யாரோ மிதித்ததில் 15 மி.மீ. இறங்கியிருந்தது. நூல் அதையே பின்பற்ற, கான்கிரீட்டும் நூலையே பின்பற்றியது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கீழ்ப்பாதியில் பலகையை வைத்தபோது குமிழ் கீழ்ப்பக்கம் ஓடியது, மேல்பாதியில் வைத்தபோது மேல்பக்கம் ஓடியது. சில்லு வைத்து அளந்தால் இரண்டிலும் ஏழு மி.மீ. வித்தியாசம். கணக்குப்படி கீழ்ப்பாதி 1:16.5, மேல்பாதி 1:13.75. "ஏழு மில்லிமீட்டர்தானே சார், விதிக்குள்தானே இருக்கிறது?" என்று மேஸ்திரி கேட்டார். விதிக்குள்தான் இருந்தது. ஆனால் களைத்து வரும் பிள்ளைக்குக் கடைசி இரண்டரை மீட்டர் மட்டும் செங்குத்தாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலேசானது முதலிலும் கடினமானது கடைசியிலும் வருவது எல்லாவற்றிலும் மோசமான வரிசை என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கான்கிரீட் இறுகும் முன்பே நடுப்பகுதியைக் கிளறிவிட்டு, புதுக் கலவை சேர்த்து, முளையைச் சரிசெய்து மறுபடியும் மட்டம் இழுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் பலகையை வைத்துப் பார்த்தவர் அவர்தான், நான் சொல்லவேண்டியே இருக்கவில்லை.

மேற்பரப்புக்குச் சிமெண்ட் பாலும் வேண்டாம், ஓடும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கான்கிரீட்டின் மேல் மிதந்த நீர் மறைந்து, விரலால் அழுத்தினால் இலேசாகத் தடம் விழும் நிலையில், ஏறும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் ஒரே சீராக இழுத்தோம். முந்திக்கொண்டு இழுத்தால் வரிகள் ஆழமாக விழுந்து சக்கரம் தடதடக்கும். பிந்தினால் வரியே விழாது. மழை பெய்தாலும் சக்கரம் வழுக்காமல் பிடிக்க இந்த மெல்லிய வரிகள் போதும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி, காயவிடாமல் பத்து நாட்கள் தண்ணீர் காட்டினோம்.

ஓரங்களில் 100 மி.மீ. உயரத் திட்டு உண்டு. கைப்பிடி இருக்கிறதே, திட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முன்சக்கரம் சிறியது, ஓரத்தைத் தாண்டி இறங்கிவிட்டால் நாற்காலி முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஊன்றுகோல் நுனி வழுக்கி வெளியே போகாமலும் அது காக்கும். பார்வை குறைந்த பிள்ளைகளுக்காகத் திட்டின் மேல்பக்கத்துக்கும், சரிவு தொடங்கும், முடியும் இடங்களுக்கும் மஞ்சள் பூசினோம்.

கைப்பிடியில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கான கைப்பிடி 865-இலிருந்து 965 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். பள்ளியில் அது மட்டும் போதாது; சிறு பிள்ளைகளுக்காக இரண்டாவது கைப்பிடி 710 மி.மீட்டருக்கு மேற்படாத உயரத்தில் வேண்டும், இரண்டுக்கும் நடுவே தலையோ கையோ சிக்கிக்கொள்ளாதபடி குறைந்தது 230 மி.மீ. இடைவெளியும் வேண்டும். நான் மேல் குழாயை 930-லும் கீழ்க் குழாயை 650-லும் வைத்தேன், 38 மி.மீ. குழாயின் தடிமனைக் கழித்தால் நடுவில் 242 மி.மீ. கிடைத்தது. குழாய் விட்டத்துக்கு 51 மி.மீ. வரை அனுமதி இருந்தாலும், அந்தத் தடிமனைப் பிள்ளைகளின் விரல்களால் வளைத்துப் பிடிக்க முடியாது. ஒரு துண்டுக் குழாயை எடுத்துப்போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்; 50 மி.மீ. குழாயில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சந்திக்கவே இல்லை. சுவருக்கும் குழாய்க்கும் இடையே விரல்முட்டி உரசாமலிருக்க 38 மி.மீட்டருக்கு மேல் விட்டோம். மேலும் கீழும் கைப்பிடியைச் சமதளத்தின் மேல் 300 மி.மீ. நீட்டி, நுனியை வளைத்துச் சுவரோடு சேர்த்துவிட்டோம், இல்லையென்றால் ஓடும் பிள்ளையின் பை மாட்டிக்கொள்ளும். வெயிலில் காயும் வெற்று எஃகுக் குழாயை நடுப்பகலில் தொட்டுப் பார்த்தபோது உடனே கையை எடுத்துவிட்டேன்; ஊன்றிப் பிடித்தே ஏறவேண்டிய பிள்ளைக்கு அப்படிக் கையை எடுக்க முடியாது. பிறகு எல்லாக் குழாய்க்கும் தடித்த வெளிர்நிறப் பூச்சு கொடுத்தோம்.

மேலே வராந்தாவின் கட்டைச்சுவரை 1.5 மீட்டர் அகலத்துக்கு வெட்டித் திறந்தோம். வராந்தாவின் அகலம் 2.1 மீட்டர் இருந்ததால், வந்து சேர்ந்து திரும்ப இடம் கிடைத்தது. அங்கிருந்து வகுப்புக்குள் போகும் நிலைப்படி 40 மி.மீ. இருந்தது. முழுச் சாய்தளத்தையும் ஏறிவிட்டு அந்த 40 மி.மீட்டரில் முட்டி நிற்பது கொடுமை. இருபுறமும் 480 மி.மீ. நீளத்துக்கு ஆப்புபோல் கான்கிரீட் சரிவு வைத்தோம். கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 860 மி.மீ. இருந்தது. 815 மி.மீ. குறைந்தபட்சம் என்பதால் அதைத் தொடவில்லை.

முதல் நாள் அந்த மாணவி ஏறியதை நானும் மேஸ்திரியும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அடியில் கால் தகடு உரசவில்லை. முதல் ஏற்றத்தில் ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் நாற்காலி நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்து மெல்லப் போனாள். பாதி தாண்டியதும் தள்ளல்கள் நீண்டன. நடுச் சமதளத்தில் நின்று திரும்பி, படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த தோழியை அழைத்து என்னவோ சொன்னாள். பிறகு இரண்டாம் ஏற்றம். மேலே போனதும் எங்களைப் பார்த்து, "சார், இறங்கும்போது பிரேக் பிடிக்கணுமா?" என்று கேட்டாள். அதையும் அன்றே இரண்டு முறை பழகிப் பார்த்தோம். சக்கர வளையத்தின் மேல் உள்ளங்கைகளை இலேசாக அழுத்தியே அவளால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. அந்த வாரமே பழைய சாய்தளத்தை இடித்துவிட்டோம். அதை விட்டுவைத்தால் யாராவது ஒருநாள் அவசரத்துக்கு அந்த வழியாக இறங்குவார்கள்.

முதல் மழைக்காலத்துக்குப் பிறகு பலகையை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அளந்தேன். ஏற்றங்கள் இரண்டும் சரியாக இருந்தன. வராந்தாவோடு சேரும் இணைப்பில் மட்டும் புதிய தளம் 8 மி.மீ. இறங்கியிருந்தது. நேர்ச் செங்குத்தாக 6 மி.மீ. வரை விடலாம், அதற்கு மேல் 13 மி.மீ. வரை இருந்தால் விளிம்பை 1:2 சரிவில் சீவவேண்டும் என்பது அளவு. வராந்தாவின் விளிம்பைக் கல் அறுக்கும் இயந்திரத்தால் 16 மி.மீ. அகலத்துக்குச் சீவிவிட்டோம். சின்ன வேலைதான், ஆனால் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத அந்தத் திட்டில் சிறு சக்கரம் மோதி நிற்பதை அன்று என் கண்ணால் பார்த்தேன்.

கழிப்பறைக்குப் போகும் பின்வாசலில் இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. இந்த முறை சாய்தளம் தொடங்கும் இடத்திலேயே டியூப் பிடித்து அளந்தோம். 290 மி.மீ. உயரம், 1:15-க்கு 4.35 மீட்டர் நீளம், நேராகவே போக இடம் இருக்கிறது. வெளிப்பக்கம் திறக்கும் கழிப்பறைக் கதவு மேல் சமதளத்தில் வந்து விழுகிறது என்பதால், அந்தச் சமதளத்தை எவ்வளவு நீட்டலாம் என்று இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.